மூன்று மெக்னீசியம் டப்பாக்கள்: முன்பக்க எண் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று

அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துவது என் வேலை. 22 வருடமாக இதைத்தான் செய்கிறேன். அதனால் இடது கண்ணின் கீழ் இமை துடிக்க ஆரம்பித்தபோது மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் சீக்கிரமே தொந்தரவாகிவிட்டது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் இமை இரண்டு தடவை துடிக்கும், கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். முதலில் வேலைப்பளு என்று விட்டுவிட்டேன். அப்புறம் விரல் நுனிகள் மரத்துப்போயின. நடு இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. ரொம்ப நாளாக எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மாதத்துக்கு மூன்று நாள் வந்துகொண்டிருந்தது ஆறு, ஏழு நாள் என்று ஆனது.

இமை துடித்தால் மெக்னீசியம் குறைவு என்று எங்கேயோ படித்துவிட்டு, நானாகவே ஒரு டப்பா வாங்கினேன். இந்த மதிப்புரை அந்த டப்பாவைப் பற்றியும் அதற்குப் பின் வந்த இரண்டைப் பற்றியும்தான். கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒரே கம்பெனி நல்ல மாத்திரையும் விற்கிறது, வேலைக்கு ஆகாததையும் விற்கிறது. பார்க்க வேண்டியது டப்பாவுக்குள் எந்த உப்பு இருக்கிறது, அதாவது மெக்னீசியம் எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான்.

முதல் டப்பா, மெக்னீசியம் ஆக்ஸைடு. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 500 மி.கி. சின்ன வெள்ளை மாத்திரை, தினம் ஒன்று, விழுங்கச் சிரமமே இல்லை. இரண்டு மாதம் ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டேன். இமை துடித்துக்கொண்டேதான் இருந்தது. வயிறு மட்டும் இளகிப்போனது.

சரி, இனி நாமாக எதுவும் செய்ய வேண்டாம் என்று டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் மெக்னீசியம் டெசிலிட்டருக்கு 1.4 மி.கி. இருந்தது. பொதுவாக 1.7 முதல் 2.2 வரை இருக்க வேண்டும். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு வந்த எண் இது. பொட்டாசியமும் கீழ் எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அது தனிக் கதை இல்லை என்று டாக்டர் விளக்கினார். மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுவிடும். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது.

அவர் உடனே மெக்னீசியத்துக்குச் சீட்டு எழுதவில்லை. வேறென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். காலையில் தைராய்டு மாத்திரை. அப்புறம் நெஞ்செரிச்சலுக்குப் பான்டொப்ரசோல். எவ்வளவு நாளாக? மூன்று வருடத்துக்கு மேல். ஆரம்பத்தில் ஒரு மாதத்துக்கென்று கொடுத்தது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் நானே தொடர்ந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் அங்கேதான் இருந்தது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டொப்ரசோல் வகை மாத்திரைகளை நீண்ட நாள், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், சாப்பிட்டால் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்துவிடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-லேயே எச்சரித்திருக்கிறது. அவர்கள் ஆராய்ந்தவற்றில் ஏறக்குறைய கால் பங்குப் பேருக்கு, மெக்னீசியம் கொடுத்தும் அளவு ஏறவில்லை. அந்த அமில மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. இந்த வகை மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் ஒரு தடவையாவது மெக்னீசியம் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையைப் பட்டென்று நிறுத்திவிடவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்சு எரியும். எனக்கு ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார்கள்.

இப்போது அந்த முதல் டப்பாவுக்கு வருகிறேன். மெக்னீசியம் தனியாக மாத்திரையில் வராது. ஏதாவது ஒன்றோடு சேர்ந்துதான் வரும். ஆக்ஸைடில் எடைக்கு 60 சதவீதம் மெக்னீசியம். 500 மி.கி. மாத்திரையில் 300 மி.கி. கணக்கு என்று பார்த்தால் மற்ற எல்லா உப்புகளையும்விட இதுதான் அதிகம். மாத்திரை சின்னதாக இருப்பதற்கும் அதுதான் காரணம். ஆனால் ஆக்ஸைடு தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். நானோ மூன்று வருடமாக அமிலத்தை அடக்கி வைத்துக்கொண்டு, அமிலம் இல்லாமல் கரையாத உப்பை விழுங்கிக்கொண்டிருந்தேன். கரையாதது குடலில் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறியது. வயிறு இளகியது அதனால்தான். இது தெரிந்த அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இரண்டு மாதம் போனதற்காக மட்டும் இல்லை. டப்பாவின் எந்தப் பக்கத்திலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதற்காகவும்தான்.

என்னைப் போல அமில மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் ஆக்ஸைடை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே போகிற அளவு மற்ற உப்புகளைவிடக் குறைவுதான். மலச்சிக்கலுக்கென்று வாங்குகிறவர்களுக்கு அது வேலை செய்யும், அது வேறு தேவை.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு தாதுதானே என்று என் அக்கா கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தமாக 25 கிராம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பங்கு தசைகளிலும் மற்ற திசுக்களிலும். உடம்பில் 300-க்கும் மேற்பட்ட நொதிகள் இது இல்லாமல் வேலை செய்யாது. செல்லுக்கு ஆற்றல் தருகிற ஏ.டி.பி. என்ற பொருளே மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டுதான் செயல்படுகிறது. தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும் என்றால், அந்தக் கால்சியத்தை அளவோடு நிறுத்தித் தசையைத் தளர விடுவதில் மெக்னீசியத்துக்குப் பங்கு உண்டு. நரம்புகள் தேவையில்லாமல் தூண்டப்படாமல் பார்த்துக்கொள்வதும் இதன் வேலை. ரொம்பக் குறைந்துபோனால் வலிப்பும், இதயத் துடிப்பில் கோளாறும்கூட வரலாம். என் இமை துடித்ததை இதற்கு மேல் நான் அலட்சியமாக நினைக்கவில்லை.

பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருப்பது மொத்த மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ரத்தத்தில் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். ஆகவே எண் குறைவாக வந்தால் குறைபாடு நிச்சயம். எண் சரியாக வந்தால் குறைபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. டாக்டர்கள் எண்ணோடு சேர்த்து மற்ற அறிகுறிகளையும் சாப்பிடும் மருந்துகளையும் பார்ப்பது இதனால்தான்.

இரண்டாவது டப்பா, மெக்னீசியம் சிட்ரேட் பவுடர். டாக்டர் எனக்கு ஒரு நாளைக்கு 300 மி.கி. ஒட்டி, மெக்னீசியமாகவே கணக்கிட்டு, எடுக்கச் சொல்லியிருந்தார். தண்ணீரில் நன்றாகக் கரைகிறது. இளம் புளிப்பு, வாயில் மாவு மாதிரி ஒட்டுவதில்லை, குடிக்க இதமாகவே இருந்தது. சுவைக்கு மூன்று டப்பாக்களில் இதற்குத்தான் முதலிடம். சிட்ரேட்டில் 16 சதவீதம் மெக்னீசியம், உள்ளே போவதும் ஆக்ஸைடைவிட நன்றாகப் போகிறது. குறை என்னவென்றால், குடலைக் கிளப்பிவிடுகிறது. அதிக அளவில் இதே சிட்ரேட்டைத்தான் பேதி மருந்தாகக் கொடுக்கிறார்கள். வேலைக்குப் போகும் நாட்களில் காலையில் குடித்துவிட்டு இரண்டு தடவை பாதியில் எழுந்து ஓட வேண்டியிருந்தது. அளவை இரண்டாகப் பிரித்து, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தபோது கொஞ்சம் பரவாயில்லை. மலச்சிக்கலும் மெக்னீசியக் குறைவும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. என் வயிறு மூன்று வாரத்துக்கு மேல் ஒத்துழைக்கவில்லை.

மூன்றாவது டப்பா, மெக்னீசியம் கிளைசினேட் மாத்திரை. இதில்தான் நின்றேன், இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெக்னீசியம், கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்தது இது. வயிற்றுக்கு இதமாக இருந்தது. ஒரு நாள்கூட ஓட வேண்டியிருக்கவில்லை. ஆனால் லேபிளைப் பாருங்கள். முன்பக்கத்தில் 1000 மி.கி. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், ஒரு வேளை அளவு 2 மாத்திரை. அதற்குக் கீழே இன்னும் சின்னதாக, மெக்னீசியம் 140 மி.கி. அதாவது 1000 என்பது உப்பின் எடை, அதுவும் இரண்டு மாத்திரைகளுக்குச் சேர்த்து. கிளைசினேட்டில் மெக்னீசியம் 14 சதவீதம்தான். ஒரு மாத்திரையில் 70 மி.கி. நான் ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை விழுங்கினால்தான் 280 மி.கி. வரும். 60 மாத்திரை டப்பா எனக்கு 15 நாள்தான் தாங்கியது. முன்பக்கத்தை மட்டும் பார்த்து ஒரு மாத்திரை போதும் என்று நினைப்பவர், தனக்குத் தேவையானதில் கால் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, பலனே இல்லை என்று நிறுத்திவிடுவார். ஒரு பக்கத்தில் இப்படி ஒரு பிழை இருந்தால் அதை அச்சுக்கே விடமாட்டேன். இது சட்டப்படி பிழை இல்லை, முன்பக்கத்தில் உப்பின் எடை என்று சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் வாங்குகிறவருக்குத் தேவையான எண் அது இல்லை.

கிளைசினேட் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சில டப்பாக்களில் ‘பஃபர்டு’ என்று ஒரு சொல் இருக்கும். கிளைசினேட்டோடு ஆக்ஸைடையும் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சொல்கூட இல்லாமல் கலந்ததும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு பெரிய கேப்ஸ்யூலில் அடங்கும் தூள் ஒரு கிராமுக்கும் குறைவு. அது முழுக்கக் கிளைசினேட்டாக இருந்தால் மெக்னீசியம் 140 மி.கி.யைத் தாண்டவே முடியாது. ஒரே கேப்ஸ்யூலில் 200 மி.கி. மெக்னீசியம் என்று போட்டிருந்தால், உள்ளே வேறு உப்பு இருக்கிறது. உட்பொருள் பட்டியலைத் தேடிப் படியுங்கள், ஆக்ஸைடு என்று இருக்கும்.

மாத்திரை பெரிது, என் சுண்டுவிரலின் முதல் கணு அளவு. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இது பெரிய குறை. மூடியின் அடியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இருக்கிறது, கடைசி மாத்திரை வரைக்கும் மாத்திரை உதிரவில்லை. மணம் எதுவும் இல்லை.

எப்போது சாப்பிடுவது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. மெக்னீசியம் தைராய்டு மாத்திரையைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். அதனால் காலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு மெக்னீசியம் இரண்டு, இரவுச் சாப்பாட்டோடு இரண்டு என்று வைத்துக்கொண்டேன். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் அதை மெக்னீசியத்துக்கு 2 மணி நேரம் முன்பாகவோ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே உள்ளே போகாது. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் சாப்பிடுகிறவர்களுக்கும் இடைவெளி தேவை. இந்த விஷயம் எதுவும் நான் பார்த்த மூன்று டப்பாக்களிலும் இல்லை. மருந்தோடு சேர்த்துச் சாப்பிடும் முன் டாக்டரைக் கேளுங்கள் என்ற பொதுவான ஒரு வரி மட்டும் இரண்டில் இருந்தது.

பலன் என்ன? மூன்றாவது வாரத்தில் இமைத் துடிப்பு நின்றது. எப்போது நின்றது என்றே தெரியவில்லை, ஒரு நாள் 16 பக்கம் ஒரே மூச்சில் திருத்தி முடித்த பிறகுதான் கவனித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. விரல் மரத்துப்போவதும் மெல்ல மெல்லப் போய்விட்டது. எட்டு வாரம் கழித்துப் பார்த்ததில் மெக்னீசியம் 1.9. பொட்டாசியம் தனியாக எதுவும் சாப்பிடாமலே சரியாகியிருந்தது. தலைவலி நாட்களை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். மூன்றாம் மாதம் முடிவில் மாதத்துக்கு மூன்று நாள் என்று பழையபடி வந்து நின்றது. ஒற்றைத் தலைவலியைத் தடுக்க மெக்னீசியம் அநேகமாகப் பயன்படும் என்று அமெரிக்க நரம்பியல் அகாடமியும் அமெரிக்கத் தலைவலிச் சங்கமும் 2012-ல் ஒரு வழிகாட்டுதலில் சொல்லியிருந்தன. அந்தச் சோதனைகளில் கொடுத்த அளவு என்னுடையதைவிட அதிகம், டாக்டர் பார்வையில்தான் அந்த அளவுக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் மாத்திரையின் வேலை என்று முழுக்கச் சொல்லவும் மனசு வரவில்லை. அதே நேரத்தில்தான் பான்டொப்ரசோலையும் விட்டேன். இரண்டில் எது எவ்வளவு செய்தது என்று என்னால் பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

கெண்டைக்கால் விஷயத்தில் என் வீட்டுக்காரரின் அனுபவத்தையும் சேர்க்க வேண்டும். எனக்கு இரவில் சுண்டி இழுப்பது குறைந்ததைப் பார்த்து, அவரும் அதே தொல்லைக்காக ஒரு மாதம் அதே மாத்திரையைச் சாப்பிட்டார். ஒரு வித்தியாசமும் இல்லை. அவருக்குப் பரிசோதனையில் மெக்னீசியம் சரியாகத்தான் இருந்தது. நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து காக்ரேன் அமைப்பு 2020-ல் சொன்ன முடிவும் இதுதான்: வயதானவர்களுக்கு வரும் சாதாரணத் தசைப் பிடிப்பை மெக்னீசியம் குறிப்பிடும்படி தடுப்பதாகத் தெரியவில்லை. குறைவு இருந்தால் நிரப்பலாம். நிரம்பியிருக்கும் பாத்திரத்தில் ஊற்றி என்ன ஆகப் போகிறது.

ஆழ்ந்த உறக்கம் வரும் என்று கிளைசினேட் டப்பாவில் போட்டிருக்கிறது. என் தூக்கம் மாறியதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கால் இழுக்காததால் நடுவில் எழுந்திருப்பது குறைந்தது, அவ்வளவுதான். மூளைக்கென்று விற்கும் மெக்னீசியம் த்ரியோனேட்டை நான் வாங்கவில்லை. அதில் மெக்னீசியம் 8 சதவீதம்தான், என் தேவைக்குக் கையளவு கேப்ஸ்யூல் வேண்டும். தோலில் அடிக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தோல் வழியாகப் போதுமான அளவு உள்ளே போகிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் குறைவு.

அளவில் எல்லோரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. அமெரிக்கக் கணக்குப்படி 31 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு ஒரு நாள் தேவை 420 மி.கி., பெண்ணுக்கு 320. ஆனால் உச்ச வரம்பு 350 மி.கி. என்று போட்டிருப்பார்கள். தேவையைவிட வரம்பு எப்படிக் குறைவாக இருக்கும் என்று நானும் குழம்பினேன். அந்த வரம்பு மாத்திரை, பவுடர், மருந்து இவற்றிலிருந்து வருவதற்கு மட்டும்தான். உணவிலிருந்து வருவதற்கு வரம்பு இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இன்னும் இறுக்கமாக 250 மி.கி. என்று வைத்திருக்கிறது. உணவிலிருந்து எடுப்பது முடியாத காரியமும் இல்லை. வறுத்த பூசணி விதை 28 கிராமில் 156 மி.கி. இருக்கிறது, அதே எடை பாதாமில் 80. தீட்டாத தானியங்கள், பயறுகள், கீரைகள் எல்லாவற்றிலும் உண்டு. தீட்டும்போது தவிட்டோடும் முளையோடும் மெக்னீசியமும் போய்விடுகிறது. நான் இப்போது மேஜை டிராயரில் பூசணி விதை வைத்திருக்கிறேன்.

என் அம்மாவுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்க ஆசைப்பட்டேன். அவருக்கும் கால் இழுக்கும். நல்லவேளையாகக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அம்மாவின் சிறுநீரகம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது. கூடுதலான மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது முடியாதவர்களுக்கு ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய், ரத்த அழுத்தம் இறங்கி, தசை தளர்ந்து, மயக்கம் வந்து, மூச்சும் இதயமும் வரை பாதிக்கும். டாக்டர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கடையில் வாங்கும் சில மருந்துகளிலும் மெக்னீசியம் உண்டு, அதையும் அம்மாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதியே தந்தார். அந்தச் சீட்டு இப்போது அம்மாவின் மருந்துப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது.

மொத்தத்தில் கிளைசினேட் மாத்திரைக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். அந்த ஒன்றைக் குறைப்பது லேபிளுக்காக. மெக்னீசியம் எவ்வளவு என்பதை முன்பக்கத்தில் போடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. சிட்ரேட்டுக்கு மூன்று, மலச்சிக்கல் இருப்பவர்கள் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆக்ஸைடுக்கு ஒன்று.

போன மாதம் முதல் நான்கை இரண்டாகக் குறைத்திருக்கிறேன். அடுத்த பரிசோதனையிலும் எண் இறங்காமல் இருந்தால் மாத்திரையே வேண்டாம், விதையும் கீரையும் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டப்பாவில் இன்னும் 22 மாத்திரை இருக்கிறது.